கிளிப்பா, பேண்டா, சூடு வைப்பதா? பெருங்குடல் பையில் ரத்தம் கசிந்தால் எதற்குச் சம்மதிப்பது

கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். "அப்பாவுக்கு எழுபது வயது. வயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் போனார், மூன்று தடவையும் கட்டி கட்டியாக ரத்தம். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் பை பையாக இருக்கிறதாம். ரத்தத்தை நிறுத்த கிளிப் என்ற கவ்வி போடலாம், பேண்ட் என்ற ரப்பர் வளையமும் போடலாம் என்கிறார்கள். எதற்குக் கையெழுத்துப் போடுவது?"

இதற்கு நான் பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: அத்தனை பைகளில் ரத்தம் விட்டது எது என்று டாக்டர் கண்ணால் பார்த்தாரா? பார்த்திருந்தால் கிளிப்பா பேண்டா என்பது பேச வேண்டிய விஷயம். பார்க்கவில்லை என்றால் அந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை. கருவியைப் பற்றிய விவாதத்தில் இந்த ஒன்றைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு வகை வாசகர்களும் உண்டு. ஆசனவாயில் ரத்தம் என்றாலே மூலம்தான் என்று முடிவு செய்து, லேகியமும் கருணைக்கிழங்குமாக ஒரு வாரத்தை ஓட்டிவிட்டு வருபவர்கள். மூலத்தில் பொதுவாக மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். வலியே இல்லாமல், கழிவறைத் தொட்டி சிவக்கும் அளவுக்குத் திடீரென்று கொட்டினால், அதிலும் வயதானவருக்குக் கொட்டினால், முதலில் போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

## பை ஏன் ரத்தம் விடுகிறது

பெருங்குடலின் சுவரில் ஒரு தசை அடுக்கு இருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு சிறு தமனிகள் உட்சவ்வுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. துளைத்த இடங்கள்தான் சுவரின் பலவீனம். வயது ஏற ஏற, குடலுக்குள் இருக்கும் அழுத்தம் உட்சவ்வை அந்தத் துளைகளின் வழியே வெளிப்புறமாகப் பிதுக்குகிறது. சைக்கிள் டயரில் கிழிசல் வழியாக ட்யூப் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். இந்தப் புடைப்புக்கு டைவர்ட்டிகுலம் என்று பெயர். துளை வழியாக வந்த தமனியும் கூடவே இழுபட்டு, பையின் கழுத்தை ஒட்டியோ அதன் உச்சியின் மேலோ மெல்லிய சவ்வு மட்டும் மூடியிருக்கக் கிடக்கும். அது நைந்து கிழியும் நாளில் ரத்தம் கொட்டுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் வரும். பையின் சுவரில் தசை கிடையாது, அதனால் முரட்டுத்தனமாகக் கையாண்டால் ஓட்டை விழும். கிழிந்த தமனி கழுத்தில் இருக்கலாம், உச்சியில் ஆழத்திலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஒத்துவராது.

மேற்கத்திய நாட்டவருக்கு இந்தப் பைகள் பெரும்பாலும் குடலின் இடப்பக்கம், ஆசனவாய்க்கு அருகில் வருகின்றன. ஜப்பானியர், கொரியரிடம் வலப்பக்கம் அதிகம். வலப்பக்கக் குடலின் சுவர் மெல்லியது, ஸ்கோப் என்னும் அந்தக் கேமராக் குழாய் கடந்துபோக வேண்டிய தூரமும் அதிகம். எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வீண் ஆர்வமாகாது.

## எதை வைத்து எடைபோடுவது

ரத்தம் இன்றைக்கு நிற்குமா என்பது முதல் கேள்வி. ஒரு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே இடம் மறுபடி கசியுமா என்பது இரண்டாவது. என் கணக்கில் இரண்டாவதுதான் கனமானது, ஏனென்றால் முதலாவது பலருக்குத் தானாகவே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் குடல் சுவருக்கு ஆபத்து, அந்த இடத்துக்குக் கருவி போய்ச் சேருமா, இதைச் செய்து பழகிய கை அங்கே இருக்கிறதா, பில் எவ்வளவு ஏறும் என்பவை.

## எதுவும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், சோம்பேறித்தனம் ஆகாது. பைக் கசிவு ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தானாக நின்றுவிடுகிறது. கொலோனோஸ்கோபியில் பைகள் மட்டும் தெரிகின்றன, ரத்தம் பீறிடவில்லை, திறந்த ரத்தநாளம் துருத்தி நிற்கவில்லை, கழுவினாலும் போகாத ரத்தக்கட்டி எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்றால் கிளிப் போட இடமே கிடையாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று சந்தேகத்துக்குரிய பைகளிலெல்லாம் கிளிப் போடுவதில் நோயாளிக்கு லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உடனே ஸ்கோப் போட்டால் இடம் அகப்படும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது 2000-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஜென்சன் குழு வெளியிட்ட ஆய்வு. ரத்தம் விட்ட பை உறுதியாகத் தெரிந்து, ஸ்கோப் வழிச் சிகிச்சை தரப்படாத 17 பேரில் 9 பேருக்கு மறுபடி ரத்தம் வந்தது. ஆறு பேருக்கு அவசர அறுவை சிகிச்சை. ஊசியோ சூடோ கொடுத்துச் சிகிச்சை செய்த 10 பேரில் ஒருவருக்கும் இரண்டும் நேரவில்லை. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எண்ணிக்கை சிறியது, இரண்டு குழுக்களும் வெவ்வேறு காலத்தவை. 2020-இல் ஜப்பானில் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் ஸ்கோப் போட்டவர்களிலும் அதற்குப் பிறகு 96 மணி நேரம் வரை காத்திருந்து போட்டவர்களிலும் கசிந்த இடம் அகப்பட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம்தான். பெருங்குடல் ரத்தக்கசிவு என்று வந்த எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. ஆகவே, 'ராத்திரியே ஏன் ஸ்கோப் போடவில்லை' என்று டியூட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போகும் முன் கொஞ்சம் யோசியுங்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் விடியும் வரை காத்திருப்பது பெரும்பாலும் சரியான முடிவு.

## சூடும் ஊசியும்

பழைய வழி. முதலில் நீர்க்கவைத்த அட்ரினலினைப் பையின் ஓரத்தில் ஊசியால் செலுத்துவார்கள். நாளம் சுருங்கி ரத்தம் குறையும், பார்வை தெளியும். அட்ரினலினின் வேலை அதோடு சரி. அதை மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தால், மருந்து வடிந்ததும் ரத்தம் திரும்பிவிடும். அதற்கு மேல் பைபோலார் என்னும் மின்முனையைக் குறைந்த சக்தியில், மெல்ல அழுத்தி, ஓரிரு நொடிகள் வைத்து நாளத்தைப் பொசுக்குவார்கள்.

கழுத்தில் தெரியும் நாளத்துக்கு இது ஒத்துவரும். உச்சியில் இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். தசையில்லாத சுவரில் சூடு வைப்பது காகிதத்தில் இஸ்திரி வைப்பது போல. கருவி பல ஊர்களில் கிடைக்கும், செலவும் குறைவு. அந்தக் குறைந்த செலவு ஓட்டை விழாத வரைக்கும்தான்.

## கிளிப்

சிறு உலோகக் கவ்வி. ஸ்கோப்பின் உள்குழாய் வழியே போய், நாளத்தைக் கவ்வி, பூட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். திசுவைச் சுடாது, அதனால் சுவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஸ்கோப்பை வெளியே எடுக்கவும் வேண்டாம். பார்த்த நொடியிலேயே போடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் டாக்டர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

ஆனால் 'கிளிப் போட்டோம்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கிழிந்த நாளத்தையே நேராகக் கவ்வுவது. இன்னொன்று, பைக்குள் ஆழத்தில் இருக்கும் நாளம் எட்டாததால், பையின் வாயை நாலைந்து கிளிப்பால் ஜிப் இழுப்பது போல மூடிவிடுவது. பின்னதில் நாளம் உள்ளே அப்படியே இருக்கிறது, வாசலைத்தான் சாத்தியிருக்கிறோம். ஜப்பானில் 49 மருத்துவமனைகளில் மலத்தில் ரத்தத்தோடு சேர்ந்த 10,342 பேரின் பதிவுகளைத் திரட்டிய கோட் புளூ-ஜே ஆய்வின் ஒரு பகுதி, நேராகக் கவ்வியவர்களுக்கு மறுகசிவு குறைவு என்று காட்டியது. எதிர்பார்த்ததுதான்.

நேராகக் கவ்வ வேண்டுமானால் ஸ்கோப்பின் முனையில் ஒளி ஊடுருவும் சிறு தொப்பி போட்டு, பையைத் தண்ணீரால் கழுவி, லேசாக உறிஞ்சி, உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும், நல்ல கையும் வேண்டும். டாக்டரிடம் "நாளத்தையே பிடித்தீர்களா, வாயை மூடினீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

கிளிப்பில் மறைந்த செலவு இரண்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் தனி விலை. வாயை மூடும் முறையில் எண்ணிக்கை ஏறும், பில்லும் ஏறும். அடுத்தது எம்.ஆர்.ஐ. கிளிப் பெரும்பாலும் சில வாரங்களில் கழன்று மலத்தோடு போய்விடும், சில நீண்ட நாள் நிற்கும். எல்லாத் தயாரிப்புகளும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகத் தகுந்தவை அல்ல. அடுத்த மாதமே முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற பெரியவர் 'உடம்பில் இரும்பு ஏதும் இல்லை' என்று எழுதிக்கொடுத்துவிடுவார், குடலில் கிளிப் இருப்பது அவருக்கு ஞாபகமே இருக்காது.

## பேண்ட்

கல்லீரல் சுருங்கி உணவுக்குழாய் நாளங்கள் வெடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களின் குடும்பத்துக்கு 'பேண்டிங்' என்ற சொல் பழக்கம். அதே ரப்பர் வளையம்தான் இங்கேயும். ஸ்கோப் முனையில் ஓர் உறை, அதன் மேல் வளையம். பையை உறைக்குள் உறிஞ்சினால் அது சட்டைப் பையை வெளியே இழுத்த மாதிரி தலைகீழாகத் திரும்பி உள்ளே வரும். வளையத்தை விட்டதும் கழுத்து நெரிபடும், நாளம் அடியோடு அடைபடும். நெரிபட்ட திசு செத்து, சில நாளில் வளையத்தோடு உதிரும். அந்த இடத்தில் ஒரு புண் உண்டாகி ஆறும். பல சமயம் பையே இல்லாமல் போய்விடும்.

மறுகசிவு என்ற அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். மேலே சொன்ன ஜப்பானிய ஆய்விலேயே, பேண்ட் போட்டவர்களுக்குக் கிளிப் போட்டவர்களைவிட முதல் 30 நாளிலும் ஒரு வருடத்திலும் மறுகசிவு குறைவு. காரணம் எளிது: நாளம் பையின் எந்த மூலையில் இருந்தாலும் பையோடு சேர்ந்து நெரிபடுகிறது. குறிபார்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் பேண்ட் என்று முடித்துவிடலாமே? நடைமுறை விடாது. பையைப் பார்த்தவுடன் பேண்ட் போட முடியாது. பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கிளிப்போ மையோ வைத்துவிட்டு ஸ்கோப்பை முழுக்க வெளியே எடுத்து, உறையை மாட்டி, மறுபடி உள்ளே போக வேண்டும். இடப்பக்கம் என்றால் இரண்டு நிமிட வேலை. வலப்பக்கக் கோடியில், ரத்தமும் கழிவும் கலந்து கிடக்கும் குடலில், முன்பு பார்த்த அதே பையைத் திரும்பக் கண்டுபிடிப்பது, திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவதற்குச் சமம். உறையின் அளவு கொலோனோஸ்கோப்புக்குப் பொருந்த வேண்டும் என்ற சிக்கலும் இருக்கிறது. உணவுக்குழாய்க்கென்று வாங்கிவைத்த செட் மட்டும் இருந்தால் இரைப்பையைப் பார்க்கும் மெல்லிய கேஸ்ட்ரோஸ்கோப்பில்தான் மாட்ட முடியும், அதன் நீளம் இடப்பக்கத்தைத் தாண்டிப் போகப் போதாது.

வாய் சிறுத்து வயிறு பெருத்த பை, பழைய அழற்சியால் இறுகிப்போன பை, இவை உறிஞ்சினாலும் திரும்பி வராது. அப்போது திட்டத்தை அந்த இடத்திலேயே மாற்ற வேண்டும். அரிதாக, வளையம் குடலின் முழுச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட, சில நாள் கழித்துக் குடல் துளைபட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் இந்த ஆபத்து வீட்டுக்குப் போன பிறகு வருவது. பேண்ட் போட்டவருக்கு அந்த வாரத்தில் வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் 'கேஸ் ட்ரபிள்' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஜப்பானில் இதற்கு ஒரு தம்பி முறையும் உண்டு. குடலில் வளரும் தண்டு பருத்த சதைவளர்ச்சியான பாலிப்பைக் கட்டப் பயன்படும் நைலான் சுருக்கை, உறிஞ்சிய பையின் கழுத்தில் மாட்டி இறுக்கிவிடுவது. தொப்பியை முதலிலேயே போட்டுப் போனால் ஸ்கோப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்பது இதன் வசதி. பழகியவர்கள் குறைவு.

## மற்றவை, சுருக்கமாக

கரடிப்பொறி போன்ற பெரிய கிளிப் ஒன்று ஸ்கோப்பின் தலைமேல் மாட்டி வரும். பிடி பலமானது, விலையும் பலமானது, இதற்கும் ஸ்கோப்பை வெளியே எடுத்துத் திரும்பப் போக வேண்டும். மற்றவை தோற்றபின் யோசிக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் தாதுப் பொடியைத் தூவுவதும் உண்டு. கொட்டிக்கொண்டிருக்கும் ரத்தம் அந்த நேரத்துக்கு நிற்கும், ஓரிரு நாளில் பொடி கழுவிக்கொண்டு போய்விடும். பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பும் வரை தாங்க உதவும்.

| முறை | எப்போது நல்லது | மறுகசிவு | சுவருக்கு ஆபத்து | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| காத்திருத்தல் | இடம் தெரியாதபோது, ரத்தம் நின்றபோது | வரலாம் | இல்லை | கூடுதல் நாள் படுக்கை |
| சூடு, ஊசி | கழுத்தில் நாளம் | நடுத்தரம் | உச்சியில் அதிகம் | ஓட்டை விழுந்தால் அறுவை |
| கிளிப், நேராக | நாளம் தெரிந்து எட்டும்போது | குறைவு | மிகக் குறைவு | எம்.ஆர்.ஐ. தடை |
| கிளிப், வாய் மூடி | வேறு வழி இல்லாதபோது | அதிகம் | மிகக் குறைவு | கிளிப் எண்ணிக்கை |
| பேண்ட் | நாளம் ஆழத்தில், பை திரும்பும்போது | மிகக் குறைவு | அரிது, தாமதமாக | இரண்டாம் முறை ஸ்கோப், முழு செட் விலை |

## ஸ்கோப்பே வேண்டாத நேரம்

நாடித்துடிப்பு எண்ணை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். நாடி 120, அழுத்தம் 90 என்றால் விடை ஒன்றுக்கு மேல், அதாவது உடல் நிலை தடுமாறுகிறது. பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல் இத்தகைய நோயாளிக்கு முதலில் சி.டி. ஆஞ்சியோ (ரத்தநாளத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறது. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இடம் தெரியும். தெரிந்தால் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்தி அந்த நாளத்தை மட்டும் அடைத்துவிடலாம். அடைத்த பகுதிக் குடலுக்கு ரத்தம் குறைந்து புண்ணாகும் அபாயமும், சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கும் அபாயமும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். அறுவை சிகிச்சை கடைசி. அதற்குப் போகும்போதும் கசிந்த இடம் தெரிந்திருந்தால் ஒரு துண்டுக் குடலோடு போகும். தெரியாவிட்டால் ஏறக்குறைய முழுப் பெருங்குடலையும் எடுக்க நேரும்.

## நானாக இருந்தால்

நாளம் கண்ணெதிரே, கழுத்தில், கிளிப்புக்கு எட்டும் இடத்தில் இருந்தால் நேரான கிளிப்போடு நிறுத்திக்கொள்வேன். அதே பையில் இரண்டாம் தடவை கசிந்திருந்தாலோ, நாளம் ஆழத்தில் ஒளிந்திருந்தாலோ பேண்ட் கேட்பேன். ஆனால் அந்த டாக்டர் குடலில் பேண்ட் போட்டுப் பழகியவராக இருக்க வேண்டும். பழகாதவர் போடும் பேண்டைவிடப் பழகியவர் போடும் கிளிப் மேல். ஸ்டீராய்டு எடுப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் பேண்டுக்குத் தயங்குவேன். முதியவருக்கு இரண்டாம் முறை ஸ்கோப் என்பது மயக்க மருந்தும் கூடுதல் நேரமும். குடலைச் சுத்தம் செய்ய நாலைந்து லிட்டர் மருந்துத் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்தவர் ஏற்கெனவே களைத்துப்போயிருப்பார். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர் என்றால் அந்த லிட்டர்களே ஒரு சோதனை.

எதைப் போட்டாலும் அடைத்தது ஒரு பையைத்தான். மற்ற பைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடுத்து கசிவதை மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் துரிதப்படுத்தும். அவற்றை நிறுத்துவது எந்தக் கிளிப்பையும்விட மலிவு. ஆஸ்பிரின் விஷயம் வேறு. ஸ்டென்ட் வைத்தவரும் மாரடைப்பு வந்தவரும் இதய டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. 'எதற்கும் ஒன்று' என்று சாப்பிட்டு வந்தவர் நிறுத்தலாம். ரத்தம் நிற்க என்று டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 12,000 பேருக்கு மேல் சேர்த்து 2020-இல் வெளியான ஹால்ட்-இட் ஆய்வில், இரைப்பை, குடல் ரத்தக்கசிவில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை. நாளங்களில் ரத்தக்கட்டியும் வலிப்பும்தான் கூடின. கொய்யா விதை, தக்காளி விதை பைக்குள் சிக்கிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடலாம். 47,000 ஆண்களை நெடுநாள் தொடர்ந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கொட்டைகளும் மக்காச்சோளமும் சாப்பிட்டதால் பைக் கசிவு கூடவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது இந்த விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கசிந்த பை குடலின் எந்தப் பகுதியில், ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில், எந்த முறை, எந்தத் தயாரிப்பு, எத்தனை, பக்கத்தில் மை அடையாளம் வைத்தார்களா, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா. இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். அதை மொபைலில் படம் எடுத்து அப்பாவின் போனிலும் ஏற்றிவையுங்கள். மறுபடி ரத்தம் வந்தால், நின்றபிறகு போகலாம் என்று காத்திருக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாளோடு போய்ச் சேருங்கள்.